கரண்ட் போய் வந்ததும் எழும்பாமல் போன டிவிடி ரெக்கோடர்: தூக்கி எறிவதற்கு முன் பார்க்க வேண்டியவை

திருகோணமலை உப்புவெளியில் பெரியம்மா வீட்டில் ஒரு டிவிடி ரெக்கோடர் இருக்கிறது. உள்ளே ஹார்ட் டிஸ்க் வைத்தது, லண்டனில் இருந்து மாமா கொண்டு வந்தது. பத்து வருசத்துக்கு மேல் டிவிக்குக் கீழே சிவப்பு லைட்டோடு சும்மா ஸ்டாண்ட்பையில் கிடந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு போனதே, அந்த நாட்களில் ஒரு தடவை கரண்ட் போனது, திரும்பி வந்தது, பெட்டி மட்டும் வரவில்லை. லைட் இல்லை, மணிக்கூடு இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. கடையில் கொடுத்தால் இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு "போர்ட் போய்விட்டது அம்மா" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். உள்ளே கிடப்பது அக்காவின் கல்யாண வீடியோவும், பெரியப்பா இருந்த காலத்துக் கோணேசர் கோயில் தீர்த்தத் திருவிழாவும். கடைசியில் பார்த்தால் பழுதாகி இருந்தது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும், சுண்டுவிரல் நுனியளவு கெப்பாசிட்டர் ஒன்று. அதன் விலைக்கு ஒரு சோற்றுப் பார்சல்கூட வராது.

அதனால்தான் எழுதுகிறேன். இந்தப் பெட்டிகளுக்கு இன்று ஒரு விலையும் இல்லை, ஆனால் உள்ளே இருப்பதை வேறு எங்கும் வாங்க முடியாது. புதிதுபோல ஆக்குவது நோக்கம் இல்லை, ஒருமுறை எழுப்பி உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறக்க முன் வெளியே பாருங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட் என்று எழுதி இருக்கிறது? எங்கள் ஊரில் பாதி வீட்டுச் சாமான் வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பியது. லண்டன், பாரிஸ், துபாய்ப் பெட்டி என்றால் பிரச்சினை இல்லை. கனடாவில் இருந்து வந்ததில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அதை இங்கே 230 வோல்ட்டில் நேராகக் குத்திய அன்றே கதை முடிந்திருக்கும். 100-240 என்று இருந்தால் கவலை இல்லை. அடுத்தது பிளக். லண்டன் சாமானின் சதுரப் பிளக்குக்கு உள்ளேயே ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. கழற்றி மல்டிமீட்டரில் (வோல்ட், கரண்ட் அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள், போயிருந்தால் அதே அம்பியரில் போடுங்கள். பெட்டிக்குப் பின்னால் செருகுகிற, எட்டு வடிவ முனை உள்ள வயரையும் மாற்றிப் பாருங்கள். பழைய ரேடியோவிலோ பிரிண்டரிலோ அதே வயர் இருக்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில், உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு என்று எல்லா இடத்திலும், செருகும் பின் பச்சை பூத்து இருப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அடப்டர் போட்டு, அதற்கு மேல் மல்டி பிளக் போட்டு, அதற்கு மேல் இதைக் குத்தி இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சுவர்ப் பொயின்ட்டில் நேராகக் குத்துங்கள்.

சரி, வெளியே எல்லாம் ஒழுங்கு. இனி பெட்டி என்ன செய்கிறது என்று கவனியுங்கள், இதில்தான் பாதி விடை இருக்கிறது. சிவப்பு லைட்டோ மணிக்கூடோ தெரிகிறது, பட்டனை அழுத்தினால் "ஹலோ" என்று காட்டிவிட்டு அணைந்து போகிறது என்றால் பவர் போர்ட் (சுவர்க் கரண்ட்டைப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றும் பலகை) முழுதாகச் சாகவில்லை. உள்ளே "டிக்... டிக்... டிக்" என்று மெல்லிய சத்தம் ஒரே தாளத்தில் கேட்டால் பவர் போர்ட் எழும்பப் பார்க்கிறது, முடியாமல் விழுகிறது, திரும்பவும் முயற்சிக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் பியூஸ், அல்லது நான் சொன்ன அந்தக் குட்டிக் கெப்பாசிட்டர்.

அந்தக் குட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் உள்ளே போனதும் நேர்மின்னாக (டிசி) மாறி 325 வோல்ட் அளவுக்கு ஏறி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். அதை வெட்டி வெட்டி 12, 5, 3.3 வோல்ட் என்று இறக்குவதற்கு ஒரு ஐசி, அதாவது சிப், இருக்கிறது. அந்த ஐசி விழித்துக்கொள்ள ஒரு முதல் வாய் கரண்ட் வேண்டும், அதைச் சேர்த்து வைத்துக் கொடுப்பதுதான் பக்கத்தில் நிற்கிற சின்னக் கெப்பாசிட்டர், பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோஃபரட், 50 வோல்ட். ஒருமுறை எழும்பிவிட்டால் டிரான்ஸ்போமரே ஐசிக்குத் தேவையானதை ஊட்டும், அதன் பிறகு இந்தச் சின்னவனுக்குப் பெரிய வேலை கிடையாது. அதனால் பெட்டி வருசக்கணக்காக ஸ்டாண்ட்பையில் நிற்கும்போது, பக்கத்தில் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகட்டின் சூட்டில் இவன் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டே போவான், யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கரண்ட் போகும். திரும்பி வரும்போது எழுப்பிவிட ஆள் இல்லை. "நேற்று வரைக்கும் நல்லாத்தானே வேலை செய்தது" என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான்.

இன்னொரு பொல்லாத விசயம், மற்றக் கெப்பாசிட்டர் கெட்டால் தலை உப்பும், சில நேரம் மேலே பழுப்பாகக் கசியும், பார்த்ததும் பிடித்துவிடலாம். இந்தச் சின்னது வெளியில் புதிதுபோலவே நிற்கும். உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு "வேலை செய்யவில்லை, போர்ட் போய்விட்டது" என்று சொல்வது இதனால்தான்.

திறக்காமலே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பெட்டியைக் குத்தி அப்படியே ஒரு இரவு விடுங்கள், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும். காலையில் லைட் வந்திருந்தால் கெப்பாசிட்டர் வற்றல்தான். அல்லது பிளக்கைக் கழற்றிவிட்டு, முடி காய வைக்கும் டிரையரால் பவர் போர்ட் இருக்கும் பக்கத்துக் காற்றுத் துளை வழியாக ஐந்து நிமிடம் இளஞ்சூடு காட்டிவிட்டு உடனே குத்திப் பாருங்கள். வற்றிய கெப்பாசிட்டர் சூட்டில் கொஞ்சம் உயிர் பெறும். அப்படி எழும்பிவிட்டால் தயவுசெய்து திரும்ப அணைக்காதீர்கள், அதே மூச்சில் உட்கார்ந்து உள்ளே இருப்பதை எல்லாம் கொப்பி பண்ணுங்கள். அடுத்த முறை எழும்பும் என்று நம்பக் கூடாது.

எழும்பவில்லையா, இனித் திறக்க வேண்டும். இங்கே விளையாட்டு இல்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில், 400 வோல்ட் என்று எழுதி இருக்கும், ஆளை அடித்துப் போடும் அளவுக்கு மின்சாரம் நிற்கலாம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது தானே என்று நினைக்க வேண்டாம், கெப்பாசிட்டரில் தேங்கி நிற்பதற்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்க்ரூ ட்ரைவரால் இரண்டு காலையும் முட்டிப் பொறி பறக்க வைப்பதும் வேண்டாம், சில கடைப் பையன்கள் அப்படிச் செய்வதைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் (தடையி) ஒன்றை இன்சுலேஷன் உள்ள வயரில் கட்டி, போர்ட்டின் அடியில் அந்தக் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் பத்து செக்கன் பிடியுங்கள், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. பிறகு மல்டிமீட்டரை டிசி 600 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட ரேஞ்சில் வைத்து அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மீட்டரே இல்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்தி, தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஆனால் "பவர் போர்ட்டின் சின்னக் கெப்பாசிட்டரையும் மாற்றுங்கள்" என்று வாய்திறந்து சொல்லிக் கொடுங்கள்.

திறந்ததும் தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டுங்கள். எங்கள் பக்கம் பல்லியும் எறும்பும் சூட்டுக்கு உள்ளே போய்க் குடியிருக்கும். 325 வோல்ட்டுக்குக் குறுக்கே விழுந்த பல்லிக்குப் பஞ்சாங்கத்தில் பலன் போடவில்லை, ஆனால் பியூஸ் போய்விடும். கண்ணாடிப் பியூசைப் பாருங்கள். உள்ளே கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் சின்ன வோல்டேஜ் ஏற்றம் ஒன்று வந்து போயிருக்கலாம், அதே அம்பியர், அதே வகைப் பியூஸ் போடலாம். கறுத்து வெள்ளி பூசினது போல இருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட், புதுப் பியூஸ் போட்டாலும் அதே நொடியில் போகும். அப்போது 60 வாட் பழைய இழை பல்ப் ஒன்றைப் பெட்டிக்குப் போகும் வயரில் தொடராகக் கட்டிக் குத்திப் பார்ப்பது நல்லது. பல்ப் ஒருமுறை மின்னிவிட்டு மங்கினால் பரவாயில்லை, பளிச்சென்று நின்றால் ஷோர்ட். எல்ஈடி பல்ப் இதற்குச் சரிவராது. பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றுகிற நம்மூர் வைத்தியம் மட்டும் வேண்டாம்.

டிக் டிக் சத்தம் வருகிற பெட்டி என்றால், பிளக்கைக் கழற்றி, மேலே சொன்னபடி கெப்பாசிட்டரில் நிற்கும் மின்சாரத்தையும் இறக்கிவிட்டு, டிவிடி ட்ரைவுக்குப் போகும் பவர் வயரை இழுத்து விட்டுக் குத்திப் பாருங்கள். லைட் வந்துவிட்டால் ட்ரைவ்தான் கரண்ட்டைத் தின்கிறது. வரவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கின் பவர் வயரையும் அப்படியே கழற்றிப் பாருங்கள். இரண்டும் கழன்ற பிறகும் டிக் டிக் என்றால் திரும்பவும் பவர் போர்ட்டுக்கே வாருங்கள்.

கெப்பாசிட்டர் மாற்றும்போது மைக்ரோஃபரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கொஞ்சம் கூட, 105 பாகை (தாங்கும் சூடு) என்று எழுதியது. 85 பாகை மலிவு, வாங்காதீர்கள். பக்கத்தில் கோடு போட்ட கால் மைனஸ், மாறிப் போட்டால் வெடிக்கும், கழற்ற முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சின்னவனோடு சேர்த்து, வெளியீட்டுப் பக்கத்தில் நிற்கிற 1000, 2200 மைக்ரோஃபரட் ஆட்களையும் ஒரே தரத்தில் மாற்றிவிடுவேன், "ஹலோ" காட்டி அணைகிற பெட்டிக்கு பெரும்பாலும் அவர்கள்தான் காரணம். திருகோணமலையில் கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லுங்கள், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இந்தச் சாமான் எல்லாம் கிடைக்கும். பழைய போர்ட்டில் இருந்து கழற்றியதைப் போடாதீர்கள், அதுவும் இதே வயசுக் கிழடுதான்.

ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி கொம்ப்யூட்டரில் குத்தாதீர்கள். இந்தப் பெட்டிகள் தங்களுக்கே உரிய முறையில் எழுதுவதால் விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது, "ஃபோர்மட் பண்ணவா" என்று கேட்கும், ஆம் என்றால் அக்கா கல்யாணம் போச்சு. பல பெட்டிகளில் வேறு டிஸ்க்கை மாற்றிப் போட்டாலும் போர்ட் ஏற்காது.

எழும்பியதும் வேலை வரிசை இதுதான். ஃபைனலைஸ் பண்ணாத, அதாவது பதிவை முடித்து மூடாத, டிவிடிகள் வீட்டில் இருந்தால் முதலில் அவற்றை ஃபைனலைஸ் பண்ணுங்கள், அது இல்லாமல் வேறு பிளேயரில் பெரும்பாலும் ஓடாது. அப்புறம் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை ஹை ஸ்பீட் டப்பிங்கில் (வேகமாகக் கொப்பி பண்ணும் முறை) புது டிவிடி-ஆர் தட்டுக்கு எழுதி, அதையும் ஃபைனலைஸ் பண்ணி, கொம்ப்யூட்டரில் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். டிவிடி ட்ரைவ் எழுத மறுத்தால் பெட்டியில் இருந்து டிவிக்குப் போகும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை, வீடியோவைக் கொம்ப்யூட்டருக்குள் எடுக்கும் யூஎஸ்பி கேப்சர் குச்சியில் செருகி, ஓட விட்டுப் பிடிக்கலாம். மூன்று மணித்தியாலக் கல்யாணத்துக்கு மூன்று மணித்தியாலம் உட்கார வேண்டும், பரவாயில்லை, பெரியம்மா தேத்தண்ணி போட்டுத் தந்தா, முழுவதையும் பார்த்தோம்.