மார்ச் மாதத்தில் மலைநாட்டு வலசைப் பறவைகளைத் தேடும் முறை

இமயமலைப் பக்கம் இளவேனில் தொடங்கும் மார்ச் மாதம், நமது இலங்கை மலைநாட்டில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகளைக் காண்பதற்குரிய கடைசித் தருணமாகும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பயணத்தை ஒத்திவைத்தால், நுவரெலியாவில் சனக்கூட்டம் இருக்கும். பறவைகளில் பெரும்பாலானவை இருக்கமாட்டா.

வெள்ளி இரவு கொழும்பிலிருந்து புறப்பட்டு, மறுநாள் விடிவதற்குள் ஹோர்ட்டன் சமவெளி நுழைவாயிலை அடைந்துவிடுங்கள். அங்கு பொலித்தீனை அனுமதிக்கமாட்டார்கள். உணவை டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். உலக முடிவு எனும் செங்குத்துப் பாறைவிளிம்பு, பேக்கர் அருவி ஆகியவற்றைச் சுற்றிவரும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடைப்பாதையில், எல்லோரும் உலக முடிவை நோக்கி விரையும்போது, நீங்கள் ஓடைக்கரைகளில் நின்று மஞ்சள் வயிறு கொண்ட சாம்பல் வாலாட்டியைத் தேடுங்கள்.

தொலைநோக்கி 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீற்றர் முன்வில்லை) ஆக இருக்கட்டும். 10 மடங்கு பெருக்கம் கடையில் கவர்ச்சியாகத் தோன்றினாலும், ஏறிக் களைத்த கை நடுங்கும்போது படமும் அந்தப் பெருக்கத்துக்கேற்ப அதிகமாக நடுங்கும். பார்வைப் பரப்பும் சுருங்கும்.

மாலையில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குச் செல்லுங்கள். ஆறுமணிக்குருவி அங்கு புதரடியில் இலைகளைக் கிளறும். ஆனால் தேடவேண்டியது காஷ்மீர் ஈப்பிடிப்பானைத்தான். வடமேற்கு இமயத்தில் இனப்பெருக்கம் செய்யும் அப்பறவை, பெரும்பாலும் இலங்கை மலைகளிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. தொடக்கநிலையாளர்கள் தடுமாறும் இடமும் இதுவே. ஆணின் செம்மஞ்சள் தொண்டையும் மார்பும் இருபுறமும் கருங்கோட்டால் வரம்பிடப்பட்டிருக்கும். எனினும் நிழலில் நிறத்தை நம்பவேண்டாம். வாலைக் கவனியுங்கள். அது வாலை அடிக்கடி மேலே நிமிர்த்தும்போது, அடிப்பகுதியின் இருபக்கமும் வெண்மை பளிச்சிடும். பறவை இடம் மாறினால் பின்தொடராமல் அங்கேயே காத்திருங்கள்; அதே பகுதிக்குத் திரும்பிவரக்கூடும். கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதை நான் ஏற்பதில்லை: நெடும்பயணத்துக்கு உடலில் கொழுப்பைச் சேர்க்கவேண்டிய பறவையின் நேரத்தை நாம் வீணாக்கக்கூடாது.

பின்சேர்க்கை: காஷ்மீர் ஈப்பிடிப்பானின் பெண் பறவையையும் பழுப்பு ஈப்பிடிப்பானையும் எவ்வாறு பிரித்தறிவது என வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பழுப்பு ஈப்பிடிப்பான் நிமிர்ந்து அமர்ந்திருக்கும். கண்ணைச் சுற்றி வெண்வளையம் தெளிவாகத் தெரியும். வாலடியில் வெண்மை இராது.