ஃபாக்லாந்து பென்குயின்களைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்துத் தீவுகளில் ஐந்து இனப் பென்குயின்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன: ஜென்டூ, ராக்ஹாப்பர், மெகல்லானிக், கிங், மகரோனி. புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களை நான் அங்கே கூட்டிப்போகிறேன். நான் அன்று செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். தொடக்கூடாது, தீனி போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

வழியில் நிற்பது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். ஜென்டூ கூடுகள் கரையைவிட்டுத் தள்ளிப் புல்வெளியில் இருக்கும். இரை தேடிப் போன பறவை மாலையில் வயிறு நிறைய மீனும் கணவாயுமாகக் கரையேறி, நடந்து நடந்து தேய்ந்த ஒரே தடத்தில் குஞ்சிடம் போகும்.

சாண்டர்ஸ் தீவின் மணற்கரையில், என் முதல் பயணத்தில், அந்தத் தடத்துக்கு நேரே படுத்துக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு ஜென்டூக்கள் அலையிலிருந்து வெளியே வந்தன, நின்றன, திரும்பவும் தண்ணீருக்குள் போயின. மறுபடி வந்தன, மறுபடி போயின. அதுதான் அவற்றின் பழக்கம் என்று நினைத்து நாற்பது நிமிடம் படமெடுத்தேன். தீவுக்காரப் பெண்மணி ஒருவர் வந்து, "எழுந்து ஓரமாகப் போங்கள், உங்களுக்குப் பயந்துதான் நிற்கின்றன" என்றார். நகர்ந்த உடனே வரிசையாக மேலேறின. அவ்வளவு நேரம் குஞ்சுகள் பசியோடு கிடந்திருக்கின்றன. போதாததற்கு, அலையோரம் பென்குயினைப் பிடித்துத் தின்னும் கடற்சிங்கம் பதுங்கும் இடம்.

இப்போது வருகிறவர்களிடம் சொன்னால், "ஆறு மீட்டர் தள்ளித்தானே சார் நிற்கிறேன்?" என்கிறார்கள். அந்தத் தீவுகளின் நடத்தை விதியில் ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது ஒரு வரிதான். கடலிலிருந்து வரும் வழியை மறிக்கக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. போனதும் கேமராவை எடுக்காதீர்கள். கால்தடமும் எச்சமும் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், அப்புறம் பக்கவாட்டில் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் அவையே உங்களைக் கடந்து போகும்.

வளை மேல் மிதிப்பது

மெகல்லானிக் மண்ணுக்குள் வளை தோண்டும். மிதித்தால் கூரை இடிந்து குஞ்சு மேல் விழும். சுற்றிப் போங்கள்.

அசையாமல் நிற்பதை நோய் என்று நினைப்பது

அந்தப் பென்குயின் இறகு மாற்றுகிறது. புது இறகு முளைக்கும்வரை, சில வாரங்கள், கடலில் இறங்காது, சாப்பிடாது. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் ஆகாரம். கிட்டே போய் நடக்கவைத்தால் அதுவும் வீணாகும்.

மஞ்சள் கொண்டையெல்லாம் மகரோனி என்பது

பெரும்பாலும் ராக்ஹாப்பர்தான். அதற்கு மெல்லிய மஞ்சள் புருவம், நடுவில் சேராது. மகரோனிக்கு ஆரஞ்சுக் கொண்டை, நெற்றியில் சேரும்.

பழுப்புக் கம்பளி போர்த்தியதை ஆறாவது இனம் என்பது

அது கிங் பென்குயினின் குஞ்சு.