தனியாக வயரிங் வேலை எடுக்கிறீர்களா? பாயின்ட் ரேட்டை இப்படிப் போடுங்கள்

தனியாக வேலை எடுக்கத் தொடங்கிய புதிதில், ஊரில் பாயின்ட்டுக்கு (ஒரு லைட், ஃபேன் அல்லது பிளக்குக்கான இணைப்புக்கு) என்ன ரேட் என்று விசாரித்து அதில் 20 ரூபாய் குறைத்துச் சொன்னேன். வேலை கிடைத்தது. முடிந்தபின் எண்ணிப் பார்த்தால், தினக்கூலிக்குப் போயிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். அடுத்தவர் ரேட்டுக்குள் நம் வீட்டுச் செலவு இருக்காது. கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு. உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

1. நாட்களை எண்ணுங்கள்

ஞாயிறு 52 போச்சு. பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, காய்ச்சல், பூச்சு வேலை முடியட்டும் என்று கொத்தனாருக்காகக் காத்திருக்கும் நாள், எஸ்டிமேட் போட அலையும் நாள், எல்லாம் கழித்தால் காசு வரும் நாள் 240 தேறும்.

2. செலவைக் கூட்டுங்கள்

வீட்டுக்கு மாதம் 30,000 என்றால் வருஷத்துக்கு 3,60,000. இது உங்கள் சம்பளம், லாபம் இல்லை. பெட்ரோல், வண்டி சர்வீஸ், போன், இன்சூரன்ஸ், டிரில் பிட், கட்டர் பிளேடு எல்லாம் சேர்த்து 84,000. மொத்தம் 4,44,000. இதை 240ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,850.

3. லாபம் வையுங்கள்

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 15 சதவீதம் லாபம் வேண்டுமென்று 1,850ஓடு 15 சதவீதத்தைக் கூட்டினால் 2,128 வரும். ஆனால் வாங்கும் 100 ரூபாயில் அப்போது 13 ரூபாய்தான் லாபம். 15 ரூபாய் நிற்க வேண்டுமானால் 1,850ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும்: 2,176. நான் 2,200 என்று வைத்துக்கொள்வேன். மெஷின் ரிப்பேர் ஆனாலும் பில் பணம் இழுத்தடித்தாலும் தாங்குவது இந்த லாபம்தான்.

4. பாயின்ட்டுக்கு மாற்றுங்கள்

ஹெல்பர் கூலி 900 என்றால் அதையும் 0.85ஆல் வகுங்கள், 1,060 ஆகும். இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 3,260. சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டி, பைப் புதைத்து, வயர் இழுத்து, சுவிட்ச் மாட்டி முடிக்க சராசரியாக நாளுக்கு 8 பாயின்ட் ஆகிறது என்றால் பாயின்ட் 410 ரூபாய். அந்த 8 என்ற எண்ணை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள், உங்கள் வேகம் உங்களுக்கே தெரியும். செங்கல் சுவரில் சரசரவென்று போகும் கட்டர் கான்கிரீட்டில் திணறும். அங்கே 5 பாயின்ட்தான் என்றால் ரேட் 650. அதனால் சுவரைத் தட்டிப் பார்க்காமல் ரேட் சொல்லாதீர்கள்.

5. சில்லறை வேலை

ரெகுலேட்டர் மாற்ற 20 நிமிடம்தான். போக வர, கடைக்குப் போக என்று ஒன்றரை மணி நேரம் போய்விடும். 2,200ஐ 8 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 275. ஆகவே குறைந்தபட்சம் 400 என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

6. எழுதிக் கொடுங்கள்

பொருளும் நீங்களே வாங்கினால், செம்பு விலையோடு வயர் விலையும் ஏறி இறங்கும் என்பதால் இந்த விலை 7 நாளுக்குத்தான் என்று எழுதுங்கள். பணம் ஆரம்பிக்கும்போது 30, பைப் முடிந்ததும் 30, வயர் இழுத்ததும் 30, கடைசியில் 10 சதவீதம். வருஷ வரவு 20 லட்சத்தை நெருங்கினால் ஜிஎஸ்டி பதிவுக்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

“அடுத்த தெருக்காரர் 350க்கே செய்றாராமே” என்று வீட்டுக்காரர் சொன்னால் ரேட்டில் கை வைக்காதீர்கள். “சார், காடி வெட்டுறதை நீங்க ஆள் வைச்சு செஞ்சு கொடுங்க, அதுக்கு உண்டானதைக் குறைச்சுக்கிறேன்” என்று வேலையைக் குறைத்துப் பேசுங்கள்.