பங்கு மலருக்கு மடத்தின் வரலாற்றை எழுதும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற கேரள–தமிழக எல்லையோர ஊர்களில் கத்தோலிக்கப் பங்கின் (ஆலயத்தைச் சார்ந்த இறைமக்கள் சமூகத்தின்) ஜூபிலி மலருக்காக அருள்சகோதரிகளைப் பற்றிக் கட்டுரை எழுத முனைபவர், அவர்களுடைய துறவற சபை தோன்றிய ஆண்டையும் அச்சபையினர் தம் ஊரில் மடம் அமைத்த ஆண்டையும் முதலில் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் கலந்துவிட்டால் கட்டுரை முழுவதும் தடுமாறும்.

சபையின் தொடக்கத்தை எழுதுகையில் கூடுதல் கவனம் தேவை. கார்மேல் சகோதரிகளை எடுத்துக்கொள்வோம்: எறணாகுளம் பகுதியிலுள்ள கூனம்மாவில் 1866 பிப்ரவரி 13 அன்று மூங்கில் தட்டியால் அமைந்த ஒரு மடத்தில், கைம்பெண்ணான எலீஸ்வா, அவருடைய மகள் அன்னா, தங்கை திரேசியா ஆகியோருடன் கார்மேல் துறவு வாழ்வு தொடங்கியது. புனித சாவறா குரியாக்கோஸ் எலியாசும் இத்தாலியத் துறவியான லியோபோல்டு பெக்காரோவும் அதற்குத் துணைநின்றனர். இலத்தீன் வழிபாட்டு முறையினரும் சிரியன் வழிபாட்டு முறையினரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அம்மடம் 1890இல் முறைவாரியாகப் பிரிந்ததால், இன்று தெரேசியன் கார்மேல் சபை, கார்மேல் அன்னை சபை ஆகிய இரண்டும் அதே நாளைத் தம் பிறந்த நாளாகக் கொள்கின்றன. எனவே ‘கார்மேல் சிஸ்டர்கள்’ என்று பொதுவாக எழுதாமல், நம் ஊரில் இருப்பவர் எச்சபையினர் என்று மடத்துத் தலைவியிடமே கேட்டு, சபையின் முழுப்பெயரை எழுத வேண்டும். நிறுவியவர் யார் என்பதில் இரு சபையினரின் அழுத்தமும் ஒன்றாக இராது. தீர்ப்பு வழங்குவது மலரின் வேலையன்று.

இப்பகுதியின் இலத்தீன் பங்குகள் அடங்கிய சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013இல்தான் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே இலத்தீன் பங்கு எனில், அதற்கு முந்தைய கடிதங்களைப் பற்றி, பங்கு முன்பு சேர்ந்திருந்த மறைமாவட்டத்தின் ஆயர் இல்லத்தில் விசாரிப்பது பயன் தரும். மடத்தின் நாளாகமம் (நிகழ்வுகளை நாள்வாரியாக எழுதிவைக்கும் ஏடு) மலையாளத்தில் இருந்தால், இரு மொழியும் அறிந்தவரை உடன் வைத்துக்கொண்டு படிக்கலாம். மடத்துக் கல்லறையையும் விட்டுவிடக் கூடாது. சிலுவைக்குக் கீழே பிறப்பு, வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி), இறப்பு ஆகிய நாள்கள் வெட்டப்பட்டிருந்தால், நாளாகமத்தில் மங்கிப்போன ஆண்டுகளைச் சரிபார்க்க அவை உதவும்.

பணிகளை ‘கல்வி, மருத்துவம், சமூகம்’ என்று மூன்று சொல்லில் முடிப்பது, என் கருத்தில், சகோதரிகளுக்குச் செய்யும் அநீதி. பள்ளியில் தமிழ்வழி வகுப்பு எப்போது தொடங்கியது, மருந்தகத்தில் பேறுகாலம் பார்த்தார்களா, தையல் கற்ற பெண்கள் பிறகு என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். முன்னாள் மாணவியரிடம் பேசும்போது, பழைய குழுப் படத்தை நீட்டிவிட்டுக் கேட்டால் பெயர்கள் தாமாக வரும்.

அச்சுக்கு அனுப்புமுன் மெய்ப்பை மடத்துத் தலைவியிடம் காட்டி, மலையாள வீட்டுப்பெயர்கள் தமிழில் பிழையின்றி வந்துள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும்.