25 நிமிட டைமர்: ஒரு பட்டன், ஒரு பஸர்

போனில் டைமர் வைத்தால் கையோடு வாட்ஸ்அப்பும் திறந்துவிடும். அதனால் தனியாக ஒன்று செய்யலாம். எஸ்ப்ருயினோ பிகோ என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடும். பட்டனும் எல்.இ.டி.யும் அதிலேயே உண்டு. பீசோ பஸரின் ஒரு காலை கிரவுண்டிலும் மற்றதை பி.டபிள்யூ.எம். பின்னிலும் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் துடிப்பைத் தரும் பின்) கொடுங்கள்.

பட்டனைக் கவனிக்க செட்வாட்ச் என்ற கட்டளை. அதில் டிபவுன்ஸ், அதாவது பட்டனின் அதிர்வு அடங்கக் காத்திருக்கும் நேரம், 50 மில்லி செகண்ட் வையுங்கள், இல்லையென்றால் ஒரு அழுத்தலையே பலமுறை எண்ணும். அதற்குள், நேரம் முடிந்ததும் பஸரை ஒலிக்கவிட செட்டைம்அவுட். கணக்கு மில்லி செகண்டில், 25 நிமிடத்துக்கு 1500000. சோதிக்க 5000 போதும். ஏற்கெனவே ஒரு டைமர் ஓடினால் முதலில் கிளியர்டைம்அவுட் கொடுத்து அதை ரத்து செய்யுங்கள், மறந்தால் பஸர் இரண்டு தடவை கத்தும். அப்புறம் சேவ் கட்டளை கொடுங்கள், கரண்ட் போனாலும் நிரல் அழியாது.

எங்கள் கடலோர ஊரான மண்டபத்து உப்புக் காற்றில் ஜம்பர் வயர் முனையில் களிம்பு ஏறிவிடும். நேராக சால்டர் வைத்து, மேலே நெயில் பாலிஷ் பூசுங்கள். பாலிஷ் பட்டனுக்குள் மட்டும் இறங்கக் கூடாது.