லாரியில் ஃபேன் விஸ்கஸ் போய்விட்டதா? பார்த்து வாங்கி மாற்றும் வழி

மணலியில் துறைமுக வரிசையில் நிற்கும்போது ஹீட் முள் ஏறுகிறது, வண்டலூர்–மீஞ்சூர் ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று கைகொடுக்கும், நிற்கிற வண்டிக்கு ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். ஓடும்போதும் ஹீட் ஆனால் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், அப்புறம் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்திருக்கும் தூசி, இதையெல்லாம் முதலில் பாருங்கள். அந்த இடுக்கைச் சுத்தம் செய்யாமல் புது ஃபேன் போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

இன்ஜின் சுற்றை ஃபேனுக்குக் கடத்தும் கிளட்ச்தான் விஸ்கஸ். அதற்குள் இருப்பது சிலிகான் ஆயில். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சுட்டால் முன்பக்கச் சுருள் வளைந்து ஆயிலுக்கு வழி திறக்கும், ஃபேன் வேகம் பிடிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஃபேன் இரைவது சகஜம், அதைக் கேட்டு பயப்பட வேண்டாம். வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையுறையோடு ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். தள்ளிவிட்டதும் லேசாகப் பல சுற்று சுற்றினால் ஆயில் போய்விட்டது என்று அர்த்தம், சுருளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி கெட்டியாக இருந்தால் ஜாம். ஓடுகிற ஃபேனில் பேப்பரைச் சுருட்டி நீட்டி நிறுத்திப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

விஸ்கஸ் போனால், ஃபேன் எப்போதும் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும்படி போல்ட் போட்டு 'டைரக்ட்' பண்ணிவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். வழியில் நின்றுபோன வண்டியை வீடு கொண்டுவர சரி, அதோடு விட்டுவிடுங்கள். ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். தேவையில்லாத நேரத்திலும் முழு வேகத்தில் சுற்றினால் டீசல் போகும், பெல்ட்டும் பேரிங்கும் சீக்கிரம் தேயும், இரைச்சலில் டிரைவருக்குத் தலைவலி வேறு.

வாங்கும்போது சேஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பர் எடுங்கள். உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனால் பழைய பார்ட்டையும் கையோடு கொண்டுபோய் விட்டம், இறக்கை எண்ணிக்கை, வளைவின் திசை, நடு ஓட்டை, போல்ட் இடைவெளி எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் விஸ்கஸுக்கு ஒயர் போகும், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம்தான் வேகத்தைச் சொல்லும். அதில் சாதாரண விஸ்கஸ் பொருத்தினால் எச்சரிக்கை விளக்குதான் எரியும். புதுப்பேட்டையில் பழைய ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு), பிராக்கெட் வாங்கலாம். இறக்கையும் விஸ்கஸும் மட்டும் பழசு வேண்டாம், பிளாஸ்டிக் இறக்கையின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புது விஸ்கஸை வீட்டில் வைத்திருந்தால் படுக்கப் போடாமல், வண்டியில் நிற்கிற வாக்கிலேயே நிறுத்தி வையுங்கள்.

மாற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா என்று பார்த்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு கனமான அட்டையைச் செருகினால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) நசுங்காது. ஷ்ரவுட்டைத் தளர்த்தி, இறக்கையையும் விஸ்கஸையும் சேர்த்தே வெளியே எடுப்பது சுலபம். நடு நட் உள்ள வகையில் சிலவற்றுக்கு இடது மரை இருக்கும், பைப் போட்டு முறுக்குவதற்கு முன் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெல்ட்டையும் கழற்றியிருந்தால் அப்போதே ஐட்லரையும் (பெல்ட் ஓடும் துணை உருளை) வாட்டர் பம்பையும் கையால் சுற்றுங்கள், கரகரத்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. இரட்டை வி-பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், புதுசும் பழசும் சேர்ந்தால் சுமை புதுசின் தலையில்தான் விழும். இறக்கையில் இன்ஜின் பக்கம் எது என்று குறி இருக்கும், திருப்பி மாட்டினால் காற்று குறையும். போல்ட்டுகளை எதிரெதிராக, மேனுவலில் சொன்ன இறுக்க அளவில் (டார்க்) இறுக்குங்கள். பிறகு ஃபேனை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றி, ஷ்ரவுட்டில் இடைவெளி எல்லாப் பக்கமும் சமமா என்று பாருங்கள். ஒரு பக்கம் உரசுகிற மாதிரி இருந்தால் இன்ஜின் மவுன்டிங் ரப்பர் உட்கார்ந்திருக்கலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது ஃபேனுக்கு நேரே நிற்காதீர்கள். பெல்ட்டைத் தானே இறுக்கிக்கொள்ளும் ஆட்டோ டென்ஷனர் இல்லாத வண்டியில் புது பெல்ட் கொஞ்சம் நீளும், முதல் லோடு போய் வந்ததும் டென்ஷனை இன்னொரு தடவை பாருங்கள்.