அரக்குக் கண்டாங்கி லேப்டாப்பில் ஏன் செங்கல் நிறமாகிறது? பட்ஜெட் லேப்டாப்பின் திரையும் கிராஃபிக்ஸும், படிப்படியாக

அரக்கு நிறக் கண்டாங்கி ஒன்றை ஃபோனில் படம் பிடித்து, முப்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் திறந்து பாருங்கள். ஃபோனில் அரக்காக இருந்தது இங்கே வெளிறிய செங்கல் நிறத்தில் நிற்கும். இதை நம்பிப் படத்தில் சிவப்பைக் கூட்டினால், வாங்குகிறவரின் ஃபோனில் அது ரத்தச் சிவப்பாகத் தெரியும். சேலை கைக்குப் போனதும் "படத்தில் பார்த்த நிறம் இல்லையே" என்று திரும்பி வரும். குறை சாயத்திலும் இல்லை, கேமராவிலும் இல்லை. லேப்டாப்பின் பேனலில், அதாவது படம் தெரியும் திரைத் தகட்டில் இருக்கிறது.

இந்த விலையில் தயாரிப்பாளர்கள் மிச்சம் பிடிக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு: திரை, ராம் (தற்காலிக நினைவகம்). பிராசஸரின் பெயரைப் பெட்டிமேல் பெரிதாக அச்சடிப்பார்கள்; இந்த இரண்டும் பொடி எழுத்தில் இருக்கும். வாங்கும்முன்பே இரண்டையும் சோதிக்கலாம். வாங்கிய பிறகும் பல மாடல்களில் மாற்றலாம்.

படி 1: கடையிலேயே திரையைச் சோதியுங்கள்

ஒரு பென் டிரைவில் நான்கு படங்கள் போதும். உங்களிடம் இருக்கும் துணி ஒன்றின் படம், முழுக் கறுப்பு, முழு வெள்ளை, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை. முடிந்தால் அந்தத் துணியையும் கையோடு கொண்டு போங்கள்.

பிரைட்னஸை முழுதாக வைத்து, துணிப் படத்தைத் திறந்து, திரையைப் பின்னால் சாய்த்துக் கீழிருந்து பாருங்கள். கருநிறங்கள் நெகட்டிவ் போலத் தலைகீழாக மாறினால் அது டிஎன் பேனல். நிறம் அப்படியே நின்றால் ஐபிஎஸ் வகை. டிஎன் திரையில் உட்காரும் உயரம் கொஞ்சம் மாறினாலே நிறம் மாறிவிடும். படத்தில் நிறம் திருத்தும் வேலைக்கு அதை வாங்கவே வேண்டாம்.

ஆனால் ஐபிஎஸ் என்றதுமே நிறம் சரியாக இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விவரத் தாளில் "45% என்டிஎஸ்சி" என்று இருக்கிறதா பாருங்கள். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதை அளக்கும் அளவுகோல்கள்; இணையப் படங்களுக்கு வழக்கமானது எஸ்ஆர்ஜிபி. எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதத்தை மட்டுமே அந்தப் பேனல் காட்டும் என்பது "45%" என்பதன் பொருள். அதில் முதலில் அடிபடுவது சிவப்பு. சேலை, ஆத்தங்குடி ஓடு, சமையல் படம் என்று நிறத்தை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு "100% எஸ்ஆர்ஜிபி" அல்லது "72% என்டிஎஸ்சி" என்று போட்ட திரைதான் வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். அதை அளக்கும் அலகு நிட்ஸ். 220, 250 நிட்ஸ் திரை, டியூப்லைட் போட்ட அறைக்குப் போதும். வளவில் (முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில்) முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் போதாது. வானத்தின் வெளிச்சம் முழுவதும் திரையில் விழும். 300 நிட்ஸும், பளபளப்பு இல்லாத மேட் பூச்சும் இருந்தால் பகலில் ஓரளவு சமாளிக்கலாம். எந்தத் திரையானாலும் முற்றம் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி உட்காருவது நல்லது.

முழு வெள்ளைப் படத்தில் கறுப்புப் புள்ளி, கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முழுக் கறுப்பில் மூலைகளில் மெல்லிய ஒளி தெரிவது ஐபிஎஸ்ஸுக்கு இயல்பு. ஓரத்தில் ஒரே இடத்தில் பளிச்சென்று ஒளி வழிந்தால் வேறு பீஸ் கேளுங்கள்.

1366×768 திரையை இன்றைக்குப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. 15.6 அங்குலத்தில் அது ஒரு அங்குலத்துக்கு 100 பிக்சல்தான். 1920×1080 என்றால் 141. தமிழ் படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்: சிறிய எழுத்தில் ண, ன இரண்டும் ஒன்றுபோலக் குழம்பும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 2: செலவில்லாமல் திருத்த முடிந்தவை

படத்துக்குப் படம் திரை தானாக மங்கிப் பிரகாசமாகிறதா? அது பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, பிரைட்னஸ் என்று போய், உள்ளடக்கத்தைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றும் தேர்வை நிறுத்துங்கள். இன்டெல் கிராஃபிக்ஸ் மென்பொருளில் பவர் பகுதியில் உள்ள "டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்", ஏஎம்டி மென்பொருளில் "வேரி-பிரைட்" ஆகியவற்றையும் அணையுங்கள். நைட் லைட்டும் அணைந்திருக்க வேண்டும். அது எரிந்தபடி நிறம் திருத்தினால் எல்லாப் படமும் நீலம் பாய்ந்து போகும்.

பிறகு ஸ்டார்ட் மெனுவில் "கேலிபரேட் டிஸ்ப்ளே கலர்" என்று தேடித் திறந்து, அது காட்டும் படிகளில் போங்கள். இதனால் நிறச் சாய்வு சரியாகும். பேனலுக்கே இல்லாத சிவப்பை இது கொண்டுவந்து தராது.

படி 3: கிராஃபிக்ஸ் எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடியுங்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் முதலில் ஜிபியுவின் (கிராஃபிக்ஸ் வேலை செய்யும் பகுதியின்) பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே "ஷேர்டு" என்று 4 ஜிபி அளவுக்கு ஒரு எண் இருக்கும். "4 ஜிபி கிராஃபிக்ஸ் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். அது தனி நினைவகம் கிடையாது. உங்கள் ராமிலிருந்து தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு.

கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லாததால்தான் ராமின் வேகம் இவ்வளவு முக்கியமாகிறது. டிடிஆர்4-3200 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி போய் வரும். இரண்டு போட்டால் 51.2 ஜிபி. இன்டெல் ஐ5-1135ஜி7 போன்ற சிப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒரு ராம் இருந்தால் ஜிபியு பெயர் "யுஎச்டி கிராஃபிக்ஸ்" என்று காட்டும், இரண்டு போட்டதும் "ஐரிஸ் எக்ஸ்இ" ஆகும்.

இனி மெமரி பகுதிக்குப் போங்கள். "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2" என்றிருந்தால் இன்னொரு ராம் போட இடம் இருக்கிறது. ஃபார்ம் ஃபேக்டர் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் ராம் போர்டிலேயே சாலிடர் செய்தது. ரைசன் 3 7320யு மாடல்கள் அப்படித்தான் வரும். அதை வாங்குகிறவர்கள் தொடக்கத்திலேயே 16 ஜிபி எடுத்துவிடுவது நல்லது. இன்டெல் என்100 சிப்புக்கு மெமரி சேனலே (ராமுக்குப் போய் வரும் பாதையே) ஒன்றுதான். அதில் ராமைக் கூட்டினால் நிறைய டேப் திறக்கலாம், கிராஃபிக்ஸ் வேகம் இரட்டிப்பாகாது.

படி 4: இரண்டாவது ராம் போடுவது

இருக்கும் ராமின் அதே வகை, அதே வேகம், முடிந்தால் அதே ஜிபி வாங்குங்கள். டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 நுழையாது. நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அடிப்பக்க ஸ்க்ரூக்களை எடுத்து, எது எந்த இடம் என்று ஒரு தாளில் வரிசையாக வையுங்கள், நீளம் மாறும். மூடி நகராவிட்டால் நெம்பாதீர்கள், ரப்பர் காலுக்கு அடியில் இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. கையில் உள்ள ஸ்டாட்டிக் போக, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுவிட்டு ராமை எடுங்கள். சுமார் 30 பாகை சாய்த்து, தங்க நிறப் பல் மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் "டக்" என்று பூட்டும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது ஒரு நிமிடம் வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். புது ராமைக் கணினி பழகிக்கொள்கிறது, அவசரப்பட்டு அணைக்க வேண்டாம். அதற்குமேலும் எதுவும் வராவிட்டால் ராம் சரியாக உட்காரவில்லை; கழற்றி மறுபடி போடுங்கள்.

படி 5: வீடியோ, கேம், சூடு

யூடியூப் வீடியோ திக்கினால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்து, கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வரியைப் பாருங்கள். ஏவி01 (அதாவது ஏவி1) என்று இருந்து, உங்கள் சிப் இன்டெல் 11ஆம் தலைமுறைக்கு முந்தையது என்றால், அதைப் பிரிக்கும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது. யூடியூப் செட்டிங்ஸில் பிளேபேக் பகுதிக்குப் போய், ஏவி1ஐ குறைந்த தரத்துக்கு மட்டும் என்று மாற்றினால் திக்கல் குறையும்.

கேமில் தெளிவை 1280×720க்கு இறக்குங்கள். 1920×1080இல் 20.7 லட்சம் பிக்சல், 720இல் 9.2 லட்சம். வேலை பாதிக்கும் கீழே வந்துவிடும். அடுத்து நிழலைக் குறையுங்கள். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பு நுணுக்கத்தை) கடைசியில் தொட்டால் போதும்.

தொடங்கும்போது நன்றாக ஓடி, பத்து நிமிடத்தில் கேம் தடுமாறினால் காரணம் சூடு. தரை குளுகுளுவென்று இருக்கிறதே என்று லேப்டாப்பை ஆத்தங்குடி ஓட்டின்மேல் வைப்பார்கள். அடியிலிருந்து காற்று இழுக்கும் மாடலில் தரைத் தூசியும் சேர்ந்து உள்ளே போகும். ஒரு பலகைமேல், பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். மெத்தைமேல் வைப்பது அதைவிட மோசம். காற்று வழியே அடைபட்டுவிடும்.

படி 6: பேனலையே மாற்றுவது

மற்றதெல்லாம் செய்தும் நிறம் போதவில்லை என்றால் இதுதான் வழி. பழைய பேனலின் பின்புற ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதை வைத்துத்தான் புதியதைத் தேட வேண்டும். மூன்று பொருத்தம் பாருங்கள். கனெக்டர் 30 பின்னா, 40 பின்னா, பக்கத்தில் ஸ்க்ரூ காது உண்டா இல்லையா, அகலம் எவ்வளவு. 15.6 அங்குலத்திலேயே சுமார் 350, 360 மில்லிமீட்டர் என்று இரண்டு அகலம் உண்டு. பழையது 1366×768 என்றால் கேபிளையும் பார்க்க வேண்டும். சில மாடல்களில் கேபிளில் ஒரே ஒரு லேன்தான் (படத் தரவு போகும் பாதை) இருக்கும், 1920×1080 பேனல் அதில் ஓடாது. கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பேட்டரி கனெக்டரைக் கழற்றாமல் திரைக் கேபிளில் கை வைக்கவே கூடாது. மின்சாரம் இருக்கும்போது பின்கள் உரசினால் போர்டில் உள்ள பேக்லைட் (திரையின் பின்விளக்கு) ஃபியூஸ் போய்விடும். பிறகு எந்தப் பேனலைப் போட்டாலும் டார்ச் அடித்தால்தான் படம் மங்கலாகத் தெரியும்.

புதிய பேனலின் கேபிளைச் செருகி, மேலே டேப் ஒட்டி, சுற்றுச் சட்டத்தை மூடும்முன்பே பேட்டரியை இணைத்து ஆன் செய்யுங்கள். மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது திரை நடுங்கினால் கேபிள் கீலில் நசுங்குகிறது; வழியை மாற்றி ஒதுக்குங்கள். முற்றத்து ஓரம் வெயில் நேரே விழாத நிழலில் சேலையை விரித்து, பக்கத்தில் திரையை வைத்து அதே படத்தைத் திறந்து பாருங்கள். அரக்கு அரக்காகவே தெரிந்தால், பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, சட்டத்தைக் கீல் பக்கமிருந்து தொடங்கி மேல்நோக்கி விரலால் அழுத்தி மூடுங்கள்.